மூன்றாவதிலிருந்து தொடங்கு

அமலதாஸ்,
பெவர்லி போகிற பஸ்ஸில் கேட்க
ஒரு ஆல்பம் சொல் என்றாய்.
ஒன்று போதாது. நாலு இருக்கிறது.
நாலையும் வாங்கியவர்களை
அதே பஸ்ஸில் ஏற்றினாலும்
மேல்தட்டு காலியாகத்தான் இருக்கும்.

வெட் மேட்சஸ். நனைந்த தீக்குச்சிகள்.
இந்த ஹல் நகரத்துப் பெடியங்கள்தான்.
பெயரைக் கேட்டுச் சிரிக்காதே,
பற்றாது என்று அவர்களே முதலில் சொல்லிவிட்டார்கள்.
நாங்கள் சொல்ல என்ன மிச்சம்?

முதலாவதிலிருந்து தொடங்காதே.
டிரம்ஸ் பக்கத்து வீட்டில் அடிக்கிற மாதிரிக் கேட்கும்.
பக்கத்து வீட்டில்தான் அடித்தார்களாம்,
கராஜில் இடம் காணவில்லை.
இரண்டாவதை விடு.
லண்டனிலிருந்து யாரோ வந்து
எல்லாவற்றிலும் வயலினை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான்,
நல்ல மீன் குழம்பில் சீனி போட்டது போல.
ஏழாவது பாட்டை மட்டும் கேள்.
வயலின்காரர்கள் சாப்பிடப் போன நேரம்
பதிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது.
'வேலிட் அன்டில் ஃப்ரைடே'.
முதல் பாட்டு இரண்டு நிமிடம் பதினொரு செக்கன்.
பன்னிரண்டு தந்திக் கிதார்
கதவைத் தட்டாமல் உள்ளே வரும்,
ஈரச் சப்பாத்தோடு.
நாற்பதாவது செக்கனில் கோரஸ்:
மூன்று குரல், ஒன்றுக்கொன்று வழி விடாமல்
ஆனால் எங்கும் முட்டாமல்,
பின்னேரம் ஐந்து மணி ரவுண்டபவுட்.
கதை என்னவோ துயரம்தான்.
அவள் போன் எடுக்கவில்லை.
பாலாடை நிறத் தொலைபேசிப் பெட்டிக்குள்
இவனுக்குக் காசு முடிகிறது.
அந்த இடத்தில் கை தட்டுகிறார்கள், அமலதாஸ்.
நாலு பேரும், தாளம் பிசகாமல்.
என் விவாகரத்துக் கடிதம் வந்த கிழமை
அதைப் பதினாறு தரம் போட்டேன்,
சமையலறையில் நின்றபடி
சிப்ஸுக்கு மேல் சிப் ஸ்பைஸ் தூவி.
பதினேழாம் தரம் நானும் தட்டினேன்,
விரலெல்லாம் சிவப்புத் தூள்.

இனிச் சொல்லப்போவதை
நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் சட்டம் அப்படி.

இரத்தம் எடுக்கிற கதிரையில் ஒருவர்.
பெயர் கேட்டேன், பிறந்த திகதி கேட்டேன், முறைப்படி.
ஆல்பத்தின் பின்னட்டையில்
கண்ணுக்கு எட்டாத சின்ன எழுத்தில்
நான் எத்தனையோ இரவு வாசித்த பெயர்.
இடது கை விரல் நுனிகள்
காய்ச்சுப் போய், நாணயம் போல வழவழவென்று.
'கையைப் பொத்திப் பிடியுங்கள்' என்றேன்.
மூன்று குழாய்.
இரண்டாவது நிறையும்போது
என் வாய் என்னைக் கேட்காமல்
அந்தக் கோரஸை முணுமுணுத்தது.
அவர் ஊசியைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்க்கவில்லை.
கை கழுவும் முறை ஒட்டியிருந்த
சுவரைப் பார்த்துச் சொன்னார்:
'அரைச் சுருதி இறங்குகிறது.'

பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார்.
ஜக்கெட் போட்டார். ஒரு கை உள்ளே போகவில்லை,
உதவினேன்.
வாசலில் நின்று கேட்டார்:
'யாரிடம் இரவல் வாங்கினீர்கள்?'
'காசு கொடுத்து வாங்கினேன்.'
'ஓ,' என்றார், 'அது நீங்களா.'

பரிசோதனை முடிவு என்ன என்று
நீ கேட்கமாட்டாய். எனக்கும் தெரியாது.
குழாய்கள் மேல்மாடிக்குப் போகும்,
நான் அடுத்த பெயரைக் கூப்பிடுவேன்.

நாலாவதை எங்கும் தேடாதே, கிடைக்காது.
என்னிடம் இருக்கிறது, இரவல் தரமாட்டேன்.
ஹெஸலில் என் வீடு உனக்குத் தெரியும்தானே.
செவ்வாய்க்கிழமை வா, ஆறு மணிக்குப் பிறகு.
பாலம் தெரிகிறது என்று ஜன்னலைத் திறந்துவிடாதே,
ஆற்றுக் காற்று அடித்தால்
தட்டில் ஊசி துள்ளும்.